மூன்று கம்பியில் டிரான்சிஸ்டரைப் படிக்கும் பெட்டி: பட்டுக்கோட்டைப் பட்டறையிலிருந்து

கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. பட்டுக்கோட்டையில் என் பட்டறைக் கூரையிலிருந்து நான்கு தகரங்களை அது பிய்த்துக்கொண்டு போனது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில் பழுது பார்க்க வந்த இன்வெர்ட்டர்களை அடுக்கி வைக்க இடமில்லாமல் திண்ணையில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினேன். வாடகை ஜெனரேட்டரில் பேட்டரி ஏற்றியவர்கள், கிணற்று மோட்டாரையே இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்த்தவர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். காரணம் பலவாக இருந்தாலும் உள்ளே எரிந்திருந்தது பெரும்பாலும் ஒன்றுதான். சூட்டை வாங்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்கில் வரிசையாக முடுக்கப்பட்ட மாஸ்ஃபெட்டுகள், அதாவது பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் போன்ற டிரான்சிஸ்டர்கள்.

வெளியூரிலிருந்து ஒருவர் மூலம் ஐ.ஆர்.எஃப். 3205 என்ற வகை மாஸ்ஃபெட் நூறு வரவழைத்தேன். இரவு பகலாக மாற்றிக் கொடுத்தேன். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு இன்வெர்ட்டர்கள் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தன. பெரிய கடைத்தெரு மளிகைக்காரர் ஒருவர், "அக்கா, நீங்கள் போட்ட சாமான் சரியில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. மேலே இருந்த எழுத்து சரியாக இருந்தது, உள்ளே இருந்த சில்லு வேறு. மல்டிமீட்டரில் டயோடு சோதனை வைத்துப் பார்த்தால் நூறும் நல்லவையாகவே காட்டின. அவை போலி என்று எனக்குத் தெரிந்தது, அதை எடுத்துக் காட்டும் வழிதான் தெரியவில்லை.

அந்த வருத்தத்தில்தான் 2019-இல் இந்தப் பெட்டியை வாங்கினேன். சந்தையில் இதற்கு ஒரே பெயர் கிடையாது. காம்போனென்ட் டெஸ்டர் என்பார்கள், டிரான்சிஸ்டர் டெஸ்டர் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் போர்டு, சின்னத் திரை, ஒரே ஒரு பொத்தான், நெம்புகோல் வைத்த சாக்கெட். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். நான் கொடுத்தது 850 ரூபாய். இதன் மூல வடிவமைப்பு ஜெர்மனியைச் சேர்ந்த மார்கஸ் ஃப்ரேயெக் என்பவருடையது. பிறகு கார்ல்-ஹைன்ஸ் கூப்பலர் அதை எடுத்துப் பல ஆண்டுகள் உழைத்து விரிவாக்கினார். சுற்றும் நிரலும் யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டதால்தான் இன்று பல வடிவங்களில், பல நிறங்களில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த இருவருக்கும் என் போன்றவர்கள் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

மூன்று கால்களை எப்படி வேண்டுமானாலும் செருகலாம். பொத்தானை அழுத்தினால், உள்ளே இருக்கும் ஏ.டி.மெகா வகை மைக்ரோ கன்ட்ரோலர் ஒவ்வொரு காலையும் முறை மாற்றி மாற்றி பிளஸுக்கும் மைனஸுக்கும் இழுத்துப் பார்க்கிறது. இழுப்பதற்கு ஒவ்வொரு காலுக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள்தான். ஒன்று 680 ஓம், மற்றொன்று 470 கிலோ ஓம். மின்னழுத்தம் 5 வோல்ட். ஆக, இந்தப் பெட்டி ஒரு டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கக்கூடிய மின்னோட்டம் மிஞ்சிப் போனால் 7 மில்லி ஆம்பியர். 5 வோல்ட், 7 மில்லி ஆம்பியர் என்ற இந்த இரண்டு எண்களையும் பெட்டியின் முதுகில் வெள்ளைப் பட்டி ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன். இதை வாங்கும் எல்லோரையும் அப்படி எழுதி வைக்கச் சொல்வேன். இந்தக் கருவி எங்கே உண்மை சொல்கிறது, எங்கே திணறுகிறது என்பதெல்லாம் அந்த இரண்டு எண்களிலிருந்தே வருகிறது.

மாஸ்ஃபெட்டைச் செருகினால் எந்தக் கால் கேட் (திறக்கச் சொல்வது), எது டிரெயின் (மின்னோட்டம் நுழைவது), எது சோர்ஸ் (வெளியேறுவது) என்று படம் போட்டுக் காட்டுகிறது. உள்ளே இருக்கும் டயோடின் வோல்ட்டேஜ், கேட் திறக்கத் தொடங்கும் வோல்ட்டேஜ், கேட்டின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் அளவு) ஆகியவையும் வருகின்றன. என் தொழிலுக்குத் தங்கமான எண் கடைசியில் சொன்ன கெபாசிட்டன்ஸ்தான். ஐ.ஆர்.எஃப். 3205-க்குத் தயாரிப்பாளர் தரும் விவரத் தாளான டேட்டா ஷீட்டில் உள்ளீட்டு கெபாசிட்டன்ஸ் 3,247 பிக்கோ ஃபாரட் என்று இருக்கும். அது டிரெயினில் 25 வோல்ட் கொடுத்து அளந்தது. இந்தப் பெட்டி டிரெயினில் ஏறக்குறைய வோல்ட்டேஜே இல்லாமல் அளப்பதால், அசல் சில்லு அதைவிடக் கூடுதலாகவே காட்ட வேண்டும். என்னிடம் உள்ள நம்பகமானவை 4 நானோ ஃபாரட்டுக்கு, அதாவது 4,000 பிக்கோவுக்கு மேலே காட்டுகின்றன. கஜா நேரத்தில் வாங்கி மிச்சமிருந்தவற்றைச் செருகிப் பார்த்தேன். பெரும்பாலானவை 2 நானோவைச் சுற்றியே நின்றன. அது ஐ.ஆர்.எஃப்.இசட். 44 அளவிலான சின்னச் சில்லுக்குரிய எண். சில்லின் பரப்பு குறைந்தால் கெபாசிட்டன்ஸ் குறையும், தாங்கும் திறனும் குறையும். யாரோ சின்னச் சில்லை உறையில் போட்டுப் பெரிய பெயரை அச்சடித்திருக்கிறார்கள். ஒரு வருடமாக மனதில் கிடந்த கேள்விக்கு ஐந்து வினாடியில் பதில் வந்தபோது, அந்த மளிகைக்காரரின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்தக் கட்டில் அசலும் சில கலந்திருந்தன. கலப்படமும் கெடுதலானதுதான். இன்வெர்ட்டரில் ஒரு பக்கத்துக்கு நான்கு மாஸ்ஃபெட்டுகளை இணையாக வைக்கிறோம். அசலின் தடை 8 மில்லி ஓம், சின்னச் சில்லின் தடை 17.5 மில்லி ஓம் என்று வையுங்கள். நான்கின் மேலும் ஒரே வோல்ட்டேஜ் விழுகிறது. தடை குறைந்த அசல்தான் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு மின்னோட்டத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறது, சூடும் அதற்கே கூடுதல். மூன்று போலிகளுக்கு நடுவில் சிக்கிய அசல் முதலில் போவதுண்டு. பிறகு மற்ற மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். எரிந்த வரிசையில் அசலைக் கண்டு, "நல்ல கம்பெனிச் சாமானே இப்படிப் போகிறதே" என்று ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படி நினைத்ததுண்டு.

கெபாசிட்டன்ஸ் சரியாக இருந்துவிட்டால் மட்டும் நான் நம்பிவிடுவதில்லை. பெட்டி 7 மில்லி ஆம்பியரில் பார்க்கிறது, என் இன்வெர்ட்டரில் ஒவ்வொன்றும் 15 ஆம்பியர் சுமக்க வேண்டும். அதற்காக மேசையின் ஓரத்தில் ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரி, காரின் முன்விளக்கு பல்பு ஒன்று. 60 வாட் இழை எரியும்போது ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். பல்பை மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு மேலே சீரிஸாகக் கட்டி, கேட்டுக்கு 12 வோல்ட்டைக் கொடுத்து, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைக்கிறேன். 8 மில்லி ஓம் என்றால் 40 மில்லிவோல்ட் அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். 80, 90 காட்டினால் அது 3205 இல்லை. மீட்டரின் முனைகளை மாஸ்ஃபெட்டின் உடலை ஒட்டிக் கால்களிலேயே வைக்க வேண்டும். கிளிப்பின் மேல் வைத்தால் கம்பியின் தடையும் சேர்ந்துகொண்டு நல்லதையும் கெட்டதாகக் காட்டும். ஐந்து வினாடிக்கு மேல் வைக்கத் தேவையில்லை.

டிரெயின் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதையும் இந்தப் பெட்டியால் சொல்ல முடியாது. 24-0-24 டிரான்ஸ்ஃபார்மரின் இரு முனைகளையும் எடுத்து ரெக்டிஃபையரும் கெபாசிட்டரும் போட்டால் 68 வோல்ட் டி.சி. கிடைக்கிறது. 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அதை டிரெயினுக்குக் கொடுத்து, கேட்டை சோர்ஸோடு கட்டிவிட்டு அளந்தால், மாஸ்ஃபெட் எங்கே உடைகிறதோ அந்த வோல்ட்டேஜ் மீட்டரில் நிற்கும். மின்னோட்டம் அவ்வளவு குறைவு என்பதால் மாஸ்ஃபெட்டுக்குச் சேதமில்லை. 55 வோல்ட் என்று பெயர் போட்டவை 55-க்கு மேலே நிற்க வேண்டும்.

இந்த 55 என்ற எண்ணைப் பற்றிப் பேசாமல் கடந்து போக எனக்கு மனமில்லை. சென்டர் டேப், அதாவது சுருளின் நடுவிலிருந்தும் ஒரு கம்பி எடுத்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இன்வெர்ட்டரில், ஒரு பக்கம் திறந்திருக்கும்போது மூடியிருக்கும் மறுபக்க மாஸ்ஃபெட்டின் மேல் பேட்டரியைப் போல இரண்டு மடங்கு வோல்ட்டேஜ் விழும். 12 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறி 14-இல் இருந்தால் 28. மேலே கூர்முனைகள் ஏறினாலும் 55 போதும். அதே 3205-ஐ 24 வோல்ட் சென்டர் டேப் இன்வெர்ட்டரில் போட்டால் 56 ஆகிவிடுகிறது. தொடக்கத்திலேயே எல்லையைத் தாண்டியாயிற்று. "பெட்டியில் எல்லாம் நன்றாகத்தான் காட்டியது, போட்டதும் வெடிக்கிறது" என்று ஒரத்தநாட்டுத் தம்பி ஒருவர் இரண்டு முறை வந்தார். மாஸ்ஃபெட்டில் குற்றமில்லை. அந்த இடத்துக்கு 100 வோல்ட் வகை வேண்டும். இதே 24 வோல்ட் பேட்டரி நடுக் கம்பி இல்லாமல் நான்கு சுவிட்சுகளால் ஓட்டும் எச் பிரிட்ஜ் சுற்றில் இருந்தால் மாஸ்ஃபெட்டின் மேல் பேட்டரி வோல்ட்டேஜ் மட்டும்தான் விழும், அங்கே கணக்கு வேறு. போர்டைத் திறந்ததும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பேட்டரி பக்கத்துக்கு எத்தனை தடித்த கம்பிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். மூன்று வந்தால் சென்டர் டேப்.

கேட் திறக்கும் வோல்ட்டேஜுக்கு வருகிறேன். இணையாக வைப்பவற்றை இந்த எண்ணைப் பார்த்துத்தான் சேர்க்கிறேன். நான்கும் ஒன்றுக்கொன்று 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும்படி பொறுக்குவேன். முழுதாகத் திறந்த நிலையில் மாஸ்ஃபெட்டுகள் சுமையைத் தாமாகவே பகிர்ந்துகொள்ளும், ஏனென்றால் சூடு ஏற ஏற அவற்றின் தடை கூடும். திறக்கும் கணத்திலும் மூடும் கணத்திலும் அந்த ஒழுங்கு இல்லை. எண் குறைந்தது முதலில் திறந்து கடைசியில் மூடும், அந்தச் சிறு நேரத்துக்கு முழுச் சுமையையும் தனியே தாங்கும். பொறுக்கிச் சேர்த்த நாளிலிருந்து திரும்பி வரும் வேலைகள் எனக்குக் கண்கூடாகக் குறைந்தன. ஒவ்வொரு கேட்டுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் இருக்கிறதா, எரிந்த மாஸ்ஃபெட்டோடு அந்த ரெசிஸ்டரும் ஓட்டும் டிரான்சிஸ்டர்களும் போய்விட்டனவா என்பதையும் பார்த்த பிறகே புதியவற்றை ஏற்றுகிறேன். ஒன்று போனாலும் வரிசை முழுவதையும் மாற்றுவேன்.

இதே எண்ணைத் தவறாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். பாலிடெக்னிக் மாணவர்கள் ஆர்டுயினோ என்ற மைக்ரோ கன்ட்ரோலர் போர்டும் 3205-உம் எடுத்துக்கொண்டு வருவார்கள். "பெட்டி 3.2 வோல்ட் என்று காட்டுகிறது, நாங்கள் 5 வோல்ட் கொடுக்கிறோம், ஆனாலும் கை வைக்க முடியாமல் சுடுகிறதே அக்கா" என்பார்கள். அந்த 3.2 என்பது கதவு முனகத் தொடங்கும் இடம். டேட்டா ஷீட்டில் அந்த எண் 250 மைக்ரோ ஆம்பியருக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. 8 மில்லி ஓம் என்ற வாக்குறுதியோ கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தால் மட்டும். நடுவில் நிற்பது பாதி திறந்த நிலை, சூடெல்லாம் அங்கேதான். 5 வோல்ட்டிலிருந்து நேராக ஓட்ட வேண்டுமானால் ஐ.ஆர்.எல்.இசட். 44 போல 5 வோல்ட்டுக்கும் தடை குறிப்பிட்டிருக்கும் வகையை வாங்கச் சொல்வேன். இல்லையென்றால் நடுவில் கேட் வோல்ட்டேஜை உயர்த்தித் தரும் கேட் டிரைவர் ஒன்று வைக்க வேண்டும்.

இனி இந்தப் பெட்டி திணறும் இடங்கள்.

இன்டக்ஷன் அடுப்பு இல்லாத வீடு இப்போது எங்கள் பக்கத்தில் குறைவு. அதன் உள்ளே ஒற்றை ஐ.ஜி.பி.டி. இருக்கும், 1,200 வோல்ட் வகை. மாஸ்ஃபெட்டைப் போலக் கேட் கொண்டு திறக்கும் டிரான்சிஸ்டர்தான் அது, மற்ற இரு கால்களையும் கலெக்டர், எமிட்டர் என்பார்கள். அதைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் பெட்டி வெறும் டயோடு என்று காட்டும். என்னிடம் வேலை கற்ற பெண் அதைப் பார்த்துவிட்டு நல்ல ஐ.ஜி.பி.டி. இரண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். அவள் மேல் தவறில்லை, நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இந்த வகைகள் பலவற்றின் கேட் 5 வோல்ட்டுக்கு மேல்தான் திறக்கத் தொடங்கும். பெட்டியிடம் இருப்பதே 5 வோல்ட். கதவைத் தட்டக்கூட அதற்கு எட்டவில்லை, அதனால் எமிட்டரிலிருந்து கலெக்டருக்குப் போகும் டயோடு ஒன்றைத்தான் அதனால் பார்க்க முடிகிறது.

அன்று என் அப்பா எழுந்து வந்தார். 1970-களிலிருந்து ரேடியோ பழுது பார்த்தவர். ஏ.சி. 128 போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களை ஊசி மீட்டரில் ஓம் வைத்தே எடை போட்டுவிடுவார். அவருடைய பழைய மீட்டரில் பத்தாயிரத்தால் பெருக்கும் ஓம் நிலையில் உள்ளே 9 வோல்ட் பேட்டரி வேலை செய்கிறது. அந்த மாதிரி மீட்டர்களில் ஓம் நிலையில் கறுப்பு முனையில்தான் பிளஸ் இருக்கும். கறுப்பைக் கேட்டிலும் சிவப்பை எமிட்டரிலும் ஒரு முறை தொட்டார். கேட் அந்த 9 வோல்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது. பிறகு சின்ன ஓம் நிலைக்கு மாற்றி, கறுப்பைக் கலெக்டரில் வைத்துச் சிவப்பை எமிட்டரில் வைத்தார், ஊசி ஏறி நின்றது. விரலால் கேட்டையும் எமிட்டரையும் சேர்த்துத் தொட்டார், ஊசி விழுந்தது. "நன்றாக இருக்கிறது அம்மா, எடுத்து வை" என்று அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். டிஜிட்டல் மீட்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரியால் கேட்டைத் தொட்டுவிட்டு, டயோடு நிலையில் கலெக்டருக்குச் சிவப்பும் எமிட்டருக்குக் கறுப்பும் வைத்தால் இதையே பார்க்கலாம். தொட்ட சில வினாடிகளில் தானாகவே மூடிக்கொண்டால் கேட் கசிகிறது, அதைப் போடாதீர்கள்.

பழைய படக்குழாய் டி.வி. இன்னும் எப்போதாவது வருகிறது, அரசு இலவசமாகக் கொடுத்தவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. அவற்றில் கிடைமட்ட ஓட்டத்துக்கு இருக்கும் பி.யு. 508 டி போன்ற டிரான்சிஸ்டரையும் பெட்டி அடையாளம் காணாது. அதன் உள்ளேயே பேஸுக்கும் (மாஸ்ஃபெட்டின் கேட் போல இதைத் திறக்கும் கால்) எமிட்டருக்கும் இடையே சில பத்து ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. 7 மில்லி ஆம்பியரை 40 ஓமில் ஓட்டினால் 0.28 வோல்ட்தான் வரும், பேஸ் விழிக்க 0.6 வேண்டும். டிரான்சிஸ்டர் தூங்கிக்கொண்டே இருக்கிறது, பெட்டி அங்கே ரெசிஸ்டரையும் டயோடையும் பார்க்கிறது. ஒரு முறை தட்டினால் மின்னோட்டம் நிற்கும் வரை திறந்தே இருக்கும் சுவிட்சுகளான பெரிய டிரையாக்குகளும் எஸ்.சி.ஆர்.களும் அப்படியே. தாங்கிப் பிடிக்கும் மின்னோட்டம் இந்த 7 மில்லி ஆம்பியருக்கு மேல் தேவைப்பட்டால் அவை வேறு ஏதோவாகத்தான் தெரியும். பேன் ரெகுலேட்டரிலிருந்து கழற்றியதைப் பெட்டியில் பார்த்துவிட்டுக் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

சாதாரண டிரான்சிஸ்டர்களுக்கு இது அருமையான கருவி. பி.சி. 547-ஐ எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிளாஸ்டிக் உறையில் வரும் 2222-இல் பல தயாரிப்புகளுக்கு அது தலைகீழ். சி 1815-இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். எழுத்து அழிந்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கிய காலம் போயிற்று. இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒன்றாகக் கட்டிய டார்லிங்டன் என்றால் பேஸ் வோல்ட்டேஜ் 1 வோல்ட்டுக்கு மேலே காட்டுவதிலேயே தெரிந்துவிடும்.

அதில் வரும் எச்.எஃப்.இ., அதாவது பேஸ் மின்னோட்டத்தை எத்தனை மடங்கு பெருக்கும் என்ற எண்ணைக் கொண்டு சுற்று வடிவமைக்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என்னிடம் கற்கும் அதே பெண் 12 வோல்ட் ரிலே ஒன்றை பி.சி. 547-ஆல் ஓட்ட வேண்டியிருந்தது. காயில் 400 ஓம், ஆக 30 மில்லி ஆம்பியர். பெட்டி 290 என்று காட்டியது. 30-ஐ 290-ஆல் வகுத்து, பேஸுக்கு 0.1 மில்லி ஆம்பியர் போதும் என்று 5 வோல்ட்டிலிருந்து 39 கிலோ ஓம் போட்டாள். ரிலே சில நேரம் பிடித்தது, சில நேரம் நடுங்கியது. அடுத்த டிரான்சிஸ்டரில் அந்த எண் 200 ஆக இருக்கலாம், சுவிட்சாக முழுதாகத் திறக்கும்போது அந்தப் பெருக்கமே கிடைக்காது. சுவிட்ச் வேலைக்கு 15 மடங்கு என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். 30-க்கு 2 மில்லி ஆம்பியர். 5-இலிருந்து 0.7-ஐக் கழித்தால் 4.3, அதற்கு 2.2 கிலோ ஓம். காயிலுக்குக் குறுக்கே 1 என் 4007 டயோடு, கேத்தோடு பிளஸ் பக்கம். அந்த ரிலே இன்றும் ஒரு தென்னந்தோப்பு மோட்டார் ஸ்டார்டரில் ஓடுகிறது.

பெரிய டிரான்சிஸ்டரில் இந்த எண் இன்னும் தொலைவில் நிற்கிறது. 2 என் 3055-ஐ இணைத்தால் ஏதோ ஓர் எண் வரும். டேட்டா ஷீட்டில் 20 முதல் 70 என்று சொல்வது 4 ஆம்பியர் ஓடும்போது. அப்பா ஒரு முறை, ஆம்ப்ளிஃபையரில் அடிக்கடி எரிந்த 3055-இன் மூடியை ஹேக்சா பிளேடால் அறுத்துத் திறந்து காட்டினார். அவ்வளவு பெரிய உலோகத் தட்டின் நடுவில் மிளகை விடச் சிறிய சில்லு. பக்கத்தில் பழைய நல்லது ஒன்றையும் திறந்து வைத்தார், அதில் புளியங்கொட்டையில் பாதி இருந்தது. இரண்டும் பெட்டியில் ஒரே மாதிரிதான் காட்டியிருக்கும். மாஸ்ஃபெட்டில் நம்மைக் காப்பாற்றும் கேட் கெபாசிட்டன்ஸ் இங்கே இல்லை. 3055-க்கு பல்பும் ஹீட் சிங்கும் வைத்து 4 ஆம்பியர் ஓட்டிப் பார்ப்பது ஒன்றே வழி. இவற்றை இணையாக வைத்தால் எமிட்டரில் சிறு ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். மாஸ்ஃபெட்டைப் போலில்லாமல், சூடேறினால் இவை இன்னும் கூடுதலாக இழுக்கும்.

கெபாசிட்டரின் உள் தடையான ஈ.எஸ்.ஆர். காட்டுவது கூடுதல் பலன். சார்ஜர், எஸ்.எம்.பி.எஸ். போன்ற மின்வழங்கி வேலைகளில் "டிக் டிக்" என்று துடித்து நிற்கும் போர்டில் கன்ட்ரோல் ஐ.சி.க்கு மின்சாரம் தரும் 47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரைத்தான் முதலில் கழற்றிப் பார்க்கிறேன். கொள்ளளவு சரியாகவே இருக்கும், ஈ.எஸ்.ஆர். பத்து ஓமுக்கு மேல் போயிருக்கும். வீங்காமலே செத்துப்போன கெபாசிட்டரைக் காட்டிக்கொடுக்கும் கருவி இந்த விலையில் எனக்கு வேறு தெரியாது.

ஆனால் சார்ஜ் இருக்கும் கெபாசிட்டரைச் செருகினால் அந்தக் கணமே பெட்டி போய்விடும். என் முதல் பெட்டி அப்படித்தான் போனது. 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட். 220 மைக்ரோ ஃபாரட்டில் அது 11 ஜூலுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும். மைக்ரோ கன்ட்ரோலரின் கால்களுக்கு அது இடி விழுந்த மாதிரி. இப்போது பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கம்பியோடு மேசையில் தொங்கவிட்டிருக்கிறேன். அதைக் கெபாசிட்டரின் கால்களில் வைத்து, மீட்டரிலும் ஒரு முறை பார்த்த பிறகே எதுவும் சாக்கெட்டுக்குப் போகும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் கண்ணுக்கும் கெடுதல், கெபாசிட்டருக்கும் கெடுதல்.

சில்லறைக் குறைகளும் உண்டு. 9 வோல்ட் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, தீரும் தறுவாயில் எண்கள் தடுமாறுகின்றன. நான் 12 வோல்ட் அடாப்டரிலிருந்து சின்ன ரெகுலேட்டர் வைத்து 9 வோல்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நெம்புகோல் சாக்கெட் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் தடித்த கால்களை அதில் திணித்தால் பிடி தளர்ந்துவிடும். அதனால் மூன்று குட்டையான கம்பிகளில் கிளிப் வைத்து சால்டர் செய்துகொண்டேன். கம்பி மாற்றினால் அளவு சரிசெய்யும் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும். என் பெட்டியில் மூன்று முனைகளையும் சேர்த்து ஷார்ட் செய்து பொத்தானை அழுத்தினால் அது தொடங்கும், திரை சொல்லும்போது பிரித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் சின்ன ஈ.எஸ்.ஆர். எண்களை நம்பக் கூடாது.

பழுது பார்ப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போது முன்விளக்கு பல்பு ஒன்றும் தனியாக 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அதிக விலையுள்ள வண்ணத் திரை மாடல்களில் அதிக வோல்ட்டேஜ் ஜீனர் டயோடுகளை அளக்கும் வசதி இருக்கிறது. அந்த வேலை அடிக்கடி இருந்தால் அதை எடுக்கலாம், இல்லாவிட்டால் பழைய மாடலே போதும்.

பழுது பார்த்து அனுப்பும் ஒவ்வொரு இன்வெர்ட்டரின் மூடிக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். ஒரு பக்கத்துக்கு நான்கு வீதம் எட்டு மாஸ்ஃபெட்டுகள், ஒவ்வொன்றின் கேட் வோல்ட்டேஜ், கெபாசிட்டன்ஸ், 5 ஆம்பியரில் வந்த மில்லிவோல்ட், தேதி. பெரிய கடைத்தெரு மளிகைக்காரரின் இன்வெர்ட்டர் போன மாதம் பட்டறைக்கு வந்தது. பேட்டரி தேய்ந்துவிட்டது, வேறு பழுதில்லை. மூடியைத் திறந்தபோது 2019-இல் நான் எழுதிய சீட்டு மஞ்சளாகி ஒட்டிக்கொண்டிருந்தது. தூசியை ஊதிவிட்டு, எட்டில் எதையும் கழற்றாமல் மூடியை மறுபடி முடுக்கினேன்.